இடது கார்னருக்கு ஒரு ஸ்டாண்ட்பை

யோசனை முதலில் வந்தது பம்ப் ஹவுஸில். காலை பத்தேகால் மணி. முழங்காலில் உறைந்த தண்ணீர் பாக்கெட் ஒன்றைத் துண்டால் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ரோலிங் மில்லுக்குக் குளிர்நீர் அனுப்பும் நான்கு பம்புகளில் மூன்று எப்போதும் ஓடும், நான்காவது சும்மா நிற்கும். அன்று இரண்டாவது பம்ப் திடீரென்று நின்றுபோனது. நான் எழுந்திருக்கவில்லை, எழுந்திருக்க அவசியமும் ஏற்படவில்லை. குழாயில் அழுத்தம் குறைந்த மூன்றாவது நொடியில் நான்காவது பம்ப் தானாகவே முனகி, உறுமி, ஓட ஆரம்பித்துவிட்டது. மில்லில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியவில்லை. கம்பி பாட்டுக்கு வந்துகொண்டிருந்தது.

பம்பைப் பார்த்தேன். முழங்காலைப் பார்த்தேன். எங்கள் ஆலையின் கபடி அணியில் என் இடத்துக்கு இப்படி ஒரு நான்காவது பம்ப் இல்லையே என்று அப்போதுதான் உறைத்தது.

இதை எழுதும் எனக்கு வயது இருபத்தெட்டு. அணியிலிருந்து ஓய்வு பெற்று ஐந்து மாதம் ஆகிறது. ஆலை வேலையிலிருந்து ஓய்வு பெற இன்னும் முப்பது வருடம் இருந்தாலும், புதிதாக வந்திருக்கும் டிரெய்னிகள் என்னைப் பார்த்ததும் "அண்ணே, உங்க காலத்துல" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். என் காலம் போன மாசியில்தான் முடிந்தது என்று சொன்னால் மரியாதையாகத் தலையாட்டுகிறார்கள். அந்த அரையிறுதியில் விசில் அடித்தது யார், ஏன் என்று ஆளுக்கொரு கதை சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். ஆலை மலரில் நான்கு பக்கம் காலியாக இருக்கிறது என்றும் சொன்னார்கள். எழுதிவிடுகிறேன்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிப் பெரிதாக ஒன்றுமில்லை. கவரைப்பேட்டைக்குப் பின்னால் எங்களுக்கு நெல் வயல் உண்டு. அறுவடை முடிந்த கட்டாந்தரையில் விழுந்து விழுந்து கபடி கற்றேன். பிறகு இன்ஜினியரிங் படித்தேன், அதில் விழாமல் தப்பித்தேன். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இந்த ஆலையில் டிரெய்னியாகச் சேர்ந்த நான்காம் நாள், கபடி ஆடத் தெரியும் என்று கேன்டீனில் வாய் தவறிச் சொன்னேன். ஐந்தாம் நாள் ஜெர்சி கொடுத்துவிட்டார்கள். அதன்பின் ஐந்து வருடம் இடது கார்னர்.

இடது கார்னர் என்றால் என்னவென்று தெரியாதவர்கள் ஸ்டோர்ஸில் சிலர் இருப்பதால் சொல்லிவிடுகிறேன். எதிரணி ரெய்டர் பாடி வரும்போது நாம் ஏழு பேர் கை கோத்து வளைவாக நிற்போம். அந்த வளைவின் இடது நுனியில் நிற்பவன்தான் அவன். ரெய்டரின் கணுக்காலைப் பிடித்து, மற்ற ஆறு பேரும் வந்து அவன் மேல் விழும்வரை விடாமல் வைத்திருப்பது அவன் வேலை. எங்கள் அணியில் எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. இரண்டு ரெய்டர்களும் அவுட்டாகி வெளியே போய்விட்டால் மூன்றாவதாகப் பாடிப் போவதும் நான்தான். வெளியே மாற்று ஆட்கள் என்று ஐந்து பேர் உட்கார்ந்திருப்பார்கள். டிவியில் கபடி வந்ததிலிருந்து எல்லாருக்கும் பாடிப் போகத்தான் ஆசை. ஐந்து பேரும் ரெய்டர்கள். காலைப் பிடிக்க ஒருவனும் இல்லை.

பத்தேகாலுக்கு வந்த யோசனையைப் பதினொன்றுக்குள் ஹேமாவதி மேடத்திடம் கொண்டுபோனேன்.

மேடம் எங்கள் ஷிஃப்ட் இன்சார்ஜ். ஆர்.கே.பேட்டைக்காரர். அணியின் மேலாளரும் அவர்தான். அவருக்குக் கபடி தெரியாது. மேலாளர் யார் என்று முடிவு செய்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை, அதனால் அவரையே போட்டுவிட்டார்கள். முதல் நாள் பயிற்சியைப் பார்க்க வந்தவர் கால்மணி நேரம் அமைதியாக நின்றுவிட்டு, "ஏழு பேரும் கையப் புடிச்சிக்கினு நிக்கிறீங்களே, அவ்ளோ பயமா?" என்று கேட்டார். கேலி என்று நினைத்தோம். நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டிருக்கிறார்.

அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. எந்தக் காகிதத்தைக் கொடுத்தாலும் இரண்டு முறை படிப்பார். ஒருமுறை மேலிருந்து கீழே, மறுமுறை கீழிருந்து மேலே. பச்சை மைப் பேனாவால்தான் கையெழுத்து. ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் போடமாட்டார். "காலியா உட்டா காத்து வந்து எழுதுமா?" என்று திருப்பித் தருவார். திங்கட்கிழமை காலையில் கான்ட்ராக்ட் ஆட்களுக்குப் பாதுகாப்பு வகுப்பு எடுப்பதும் அவர்தான். இது பின்னால் முக்கியமாகிறது.

"மேடம், ஒரு ஸ்டாண்ட்பை வேணும்."

"எந்தப் பம்புக்கு?"

"எனக்கு மேடம். டீம்ல."

அவர் பார்வை என் முழங்காலுக்குப் போனது. துண்டை அவிழ்க்க மறந்திருந்தேன்.

"உனக்கு இன்னா ஆச்சு?"

"ஒண்ணும் ஆவல மேடம். ஒரு முன்ஜாக்கிரதைக்கு."

"சரி. எப்படி ஆளு வேணும்னு ஸ்பெக் எழுதிக் குடு. பம்பு வாங்கணும்னா எழுத மாட்டியா?"

எழுதினேன். ஒன்றரைப் பக்கம். எடை எழுபத்தைந்து கிலோவுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் போட்டி விதி அப்படி. கணுக்கால் பிடி உறுதியாக இருக்க வேண்டும். மூன்றாவது ரெய்டு போகத் தெரிய வேண்டும். வாரம் மூன்று நாள் நாலரை மணிப் பயிற்சிக்கு வர வேண்டும். மேடம் மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார்.

"ஒரு லைன் உட்டுட்டியே."

"எது மேடம்?"

"'என்னை விடக் கொஞ்சம் மட்டமா ஆட வேண்டும்.'"

நான் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை. பச்சை மையில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

அவர் சொன்னது உண்மைதான். எனக்கு வேண்டியிருந்தது பெயருக்கு ஓர் ஆள். முழங்காலுக்குள் 'டக்' என்று ஒரு சத்தம் போன சீசனிலிருந்தே இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை, டாக்டரிடம்கூட. டாக்டரிடம் சொன்னால் அவர் ஏதாவது சொல்லிவிடுவார். சிப்காட் ஆலைகளுக்கிடையிலான போட்டியில் முதல் தடவையாக அரையிறுதிக்கு வந்திருந்தோம். அதற்கு மூன்று வாரம் இருந்தது. அந்த மூலையில் நின்றால்தான் நான் பிரகாஷ். அதை விட்டால் பம்ப் ஹவுஸில் மணிக்கொரு தரம் ரீடிங் எடுப்பவன். முழுதாக உட்காரவும் கூடாது, கால் போனால் அணி தோற்கவும் கூடாது. இந்த இரண்டுக்கும் நடுவில் பொருந்துகிற மாதிரி ஓர் ஆளைத் தேடினேன்.

முதலில் கிடைத்தவர் வெல்டர் சுப்பையா. ஆரம்பாக்கத்துப் பக்கம். வீட்டில் தெலுங்கு, வெளியே எல்லாரும் நைனா. நல்ல பிடி. காலையில் எடை போட்டபோது எழுபத்துநான்கு. நாஷ்டாவுக்குப் பிறகு சும்மா ஒரு சந்தேகத்துக்குப் போட்டோம், எழுபத்தைந்தரை.

"மேட்ச் அன்னிக்கு நாஷ்டா துன்னாம வந்துடறேன் நைனா," என்றார்.

"அப்போ புடிக்கிறதுக்குத் தெம்பு?"

கொஞ்சம் யோசித்தார். "அதுக்கு நாஷ்டா துன்னணும் நைனா."

இரண்டாவது, கணக்குப் பிரிவு விக்னேஷ். கபடி விதிகள் அத்தனையும் மனப்பாடம். பயிற்சியில் ரெய்டரின் காலைப் பிடித்தான், நன்றாகவே பிடித்தான். பிடித்த கையை விட்டுவிட்டு நடுவர் நிற்கும் இடத்தைப் பார்த்து, "சார், இவரு லாபிய மிதிச்சிட்டாரு, புடிக்கவே தேவையில்ல," என்றான். சொன்னது சரிதான், யாரையும் தொடுமுன் ஓரப் பட்டையான லாபியில் கால் வைத்தால் ரெய்டர் அவுட். ஆனால் அது பயிற்சி ஆட்டம், நடுவர் யாரும் இல்லை. அவன் விளக்கி முடிப்பதற்குள் ரெய்டர் வீடு போய்ச் சேர்ந்திருந்தார். விக்னேஷை விதி ஆலோசகராக பெஞ்சில் வைத்துக்கொண்டோம்.

மூன்றாவது ஆளை நான் கண்டுபிடிக்கவில்லை. அவர்தான் என்னைப் பிடித்தார்.

அன்று குளிர்நீர் நிலத்தடித் தொட்டியைச் சுத்தம் செய்யும் நாள். மூடிய தொட்டிக்குள் இறங்குவதற்கு ஒரு முறை இருக்கிறது. உள்ளே காற்றைச் சோதித்து, பெர்மிட் வாங்க வேண்டும். தொட்டி வாயில் ஆரஞ்சு வெஸ்ட் போட்ட ஒருவர் நோட்டும் விசிலுமாக உட்கார்ந்திருப்பார். இறங்குபவர் பெயரும் உள்ளே போன நேரமும் வெளியே வந்த நேரமும் அந்த நோட்டில் ஏற வேண்டும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை அவர் உள்ளே இருப்பவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, நன்றாக இருக்கிறாரா என்று கேட்பார். பதில் வராவிட்டால் மூன்று முறை நீளமாக விசில். எது நடந்தாலும் அவர் மட்டும் உள்ளே இறங்கவே கூடாது, வேறு யாரையும் இறங்க விடவும் கூடாது. விஷக்காற்றில் ஒருவர் விழுந்து, தூக்கப்போனவரும் விழுந்து, அவரைத் தூக்கப்போனவரும் விழுவதைத் தடுக்கத்தான் இந்த ஏற்பாடு. மேடத்தின் திங்கட்கிழமை வகுப்பில் பாதி நேரம் இதற்குத்தான் போகும். தொட்டி வாயில் உட்காரும் அந்த ஆளுக்கு ஆலையில் பெயர், ஸ்டாண்ட்பை.

நான் அவசரத்தில் இருந்தேன். பெயர் எழுதாமல் ஏணியில் காலை வைத்தேன். வைத்த கால் கீழே போகவில்லை.

ஐந்து வருடத்தில் நான் எத்தனையோ கணுக்கால்களைப் பிடித்திருக்கிறேன். மூன்றாவது ரெய்டு போய் என் கணுக்காலும் பல கைகளில் மாட்டியிருக்கிறது. குதிகாலைத் திருப்பிப் பார்த்தேன். உதறிப் பார்த்தேன். உடம்பைப் பின்னால் சாய்த்து இழுத்துப் பார்த்தேன். கால் அங்கேயே இருந்தது. குனிந்து பார்த்தால், உட்கார்ந்த இடத்தைவிட்டு அசையாமல் ஒருவர் ஒற்றைக் கையால் பிடித்திருந்தார். மறு கையில் பேனா.

"பேரு எழுதிட்டுப் போங்க சார்."

"அண்ணே, நீங்க கபடி ஆடுவீங்களா?"

"மொதல்ல பேரு எழுதுங்க."

அவர்தான் தேசிங்கு. கான்ட்ராக்ட் லோடர். பழவேற்காடு ஏரிக்கரையில் ஒரு குப்பத்தில் வீடு, மீன்பிடிக் குடும்பம். வேலை இல்லாத நாளில் அண்ணனுடைய படகில் ஏரிக்குப் போவார். வயது முப்பத்துமூன்று. ஸ்டாண்ட்பை என்னைவிட ஐந்து வயது மூத்தவராக இருப்பதைப் பார்த்துக் கேப்டன் மோகன், "பழைய பம்புக்குப் புதுசா ஒரு பழைய பம்பு," என்றான். குப்பத்து மணலில் சின்ன வயதிலிருந்து ஆடியிருக்கிறார். அங்கே பக்கத்துக்கு ஏழு பேர், அவ்வளவுதான். ஒருவருக்கு அடிபட்டால் மீதி ஆறு பேர் ஆடுவார்கள். வெளியே மாற்று ஆள் உட்காருகிற வழக்கமே அங்கே கிடையாது. இதை நான் பிறகுதான் கேட்டுத் தெரிந்துகொண்டேன். முதலிலேயே கேட்டிருக்க வேண்டும்.

முதல் நாள் பயிற்சியில் எங்கள் ரெய்டர்கள் அத்தனை பேரையும் வரிசையாகப் பிடித்துக் கீழே போட்டார். யாரும் எழுந்திருக்க அவசரப்படவில்லை. படுத்தபடியே ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். என் இடம் அன்றே போய்விடும் போலிருந்தது. ஒரே ஆறுதல், அவர் பாடிப் போகமாட்டார். நடுக்கோடு வரை வருவார், நிற்பார். "அந்தப் பக்கம் இன்னா வேல சார் நமக்கு?" என்பார். நான் வற்புறுத்தவில்லை. ஒரு வேலையாவது என்னிடம் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று பயிற்சி முடிந்ததும் அவரிடம் போனேன். 'என் கால் எப்போது வேண்டுமானாலும் போய்விடும், போனால் நீங்கள்தான் உள்ளே வந்து ஆட வேண்டும்' என்று சொல்லியிருந்தால் முடிந்தது. அதைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"அண்ணே, இனிமே நீங்கதான் எனக்கு ஸ்டாண்ட்பை."

அவர் முகத்தில் ஒரு பொறுப்பு வந்தது. "உங்களுக்கா சார்?"

"எனக்குத்தான்."

"நோட்டு நீங்க குடுப்பீங்களா, நான் கொண்டாரட்டா?"

நக்கல் செய்கிறார் என்று நினைத்துச் சிரித்தேன். "நீங்களே கொண்டாங்கண்ணே."

"விசிலு?"

"அதையும்."

அதற்குப்பின் அரையிறுதி வரை, பயிற்சி நடுவே அவர் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன நோட்டை எடுத்து ஏதோ எழுதுவதைப் பார்த்தேன். பழவேற்காட்டுக்குப் பஸ் நேரம் குறித்துக்கொள்கிறார் போலிருக்கிறது என்று நினைத்தேன்.

அரையிறுதி கவரைப்பேட்டையில் ஒரு பள்ளி மைதானத்தில். ஞாயிறு மாலை நாலு மணி. எதிரே மீஞ்சூர் அணி. தேசிங்கண்ணனுக்குப் பன்னிரண்டாம் எண் ஜெர்சி கொடுத்திருந்தோம். அதற்கு மேல் ஆரஞ்சு வெஸ்ட் போட்டுக்கொண்டு வந்தார். கழுத்தில் விசில், கையில் நோட்டு. பெஞ்சில் உட்காரவில்லை. கோட்டுக்கு வெளியே, சரியாக என் மூலைக்கு நேராகப் போய் நின்றுகொண்டார்.

ஆட்டம் தொடங்கி ஐந்து நிமிடம்.

"பிரகாசு சார், நல்லாக்கீறீங்களா?"

நான் திரும்பவில்லை. மறுபடி, இன்னும் சத்தமாக, "பிரகாசு சார், நல்லாக்கீறீங்களா?" கையைத் தூக்கிக் காட்டினேன். நோட்டில் எழுதிக்கொண்டார். பத்தாவது நிமிடம் மறுபடி. கபடியில் அவுட்டாவதும் திரும்ப உள்ளே வருவதும் சகஜம். நான் ஒவ்வொரு தரம் வெளியே போகும்போதும் வரும்போதும் மணி பார்த்து எழுதினார். இடைவேளைக்குள் மீஞ்சூர்க் கூட்டம் பாட்டைப் பிடித்துக்கொண்டது. ஐந்து நிமிடம் ஆனதும் அவர் வாயைத் திறப்பதற்குள் முப்பது பேர் சேர்ந்து, "பிரகாசு சார், நல்லாக்கீறீங்களா?" என்றார்கள். அவர்கள் முதல் ரெய்டர் இன்னும் ஒருபடி மேலே போய், கபடி கபடி என்று பாடிக்கொண்டே வந்தவன் என் முன்னால் மட்டும் "நல்லாக்கீறியா நல்லாக்கீறியா" என்று பாடினான்.

பெஞ்சிலிருந்து விக்னேஷ் எழுந்தான். "சார், பாட்டு மாறிப்போச்சு. கபடின்னுதான் பாடணும். டெக்னிக்கல் பாயிண்ட்."

நடுவர் கொடுத்துவிட்டார். தேசிங்கண்ணன் புண்ணியத்தில் எங்களுக்கு ஒரு பாயிண்ட்.

ஆட்டம் முடிய எட்டு நிமிடம் இருந்தபோது நாங்கள் ஒரு பாயிண்ட் முன்னால். அதே ரெய்டர் வந்தான். காலைப் பிடித்தேன். அவன் இடுப்பைத் திருப்பினான், நானும் கூடவே திரும்பினேன், முழங்கால் மட்டும் திரும்பவில்லை. டக். இந்தத் தடவை சத்தம் எனக்கு மட்டும் கேட்டதாகத் தோன்றவில்லை. அவன் கோட்டைத் தாண்டிப் போனான். நான் ரப்பர் விரிப்பின் மேல் கிடந்தேன்.

தேசிங்கண்ணனைப் பார்த்து உள்ளே வரச் சொல்லிக் கை காட்டினேன். அவர் வரவில்லை. தண்ணீர் பாட்டிலோடு ஓடிவந்த இரண்டு பேரை இரண்டு கையையும் விரித்துத் தடுத்தார். "யாரும் உள்ள போவாத. ஒருத்தர் உழுந்தா அடுத்த ஆளு போவக் கூடாது." பிறகு விசிலை வாயில் வைத்தார். நீளமாக மூன்று முறை.

எங்கள் ஆலையில் மூன்று நீள விசில் கேட்டால் போட்டதைப் போட்டபடி வெளியேற வேண்டும். ஓடக் கூடாது, வரிசையாக நடக்க வேண்டும். கூட்டத்தில் எங்கள் ஆட்கள் இருபது பேர் இருந்தார்கள். அத்தனை பேரும் எழுந்து, ஓடாமல், வரிசையாக, பள்ளிக்கூட வாசலை நோக்கி நடந்தார்கள். வாசலுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் போய் நின்றபிறகுதான் ஏன் நடந்தோம் என்று யோசித்தார்களாம். சுப்பையா தலை எண்ணவும் ஆரம்பித்திருக்கிறார்.

"யாருய்யா விசில் அடிச்சது?" நடுவர் கேட்டார். மீஞ்சூருக்கு ஒரு டெக்னிக்கல் பாயிண்ட்.

மோகன் தேசிங்கண்ணனிடம் ஓடினான். "அண்ணே, உள்ள வாங்கண்ணே."

"நான் எப்டி வர்றது? நான் ஸ்டாண்ட்பை."

"அதுக்குத்தாண்ணே கூப்புடறோம்."

"அதுக்குத்தான் நான் வரக் கூடாது."

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பைத்தியம் என்று நினைத்திருக்க வேண்டும். மேடம் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தார். அவருக்கு ஒரு நொடியில் புரிந்துவிட்டது. அவர் சொல்லிக் கொடுத்த பாடம் அல்லவா.

"தேசிங்கு, உங்கள ஸ்டாண்ட்பை போட்டது யாரு?"

"பிரகாசு சார் மேடம்."

"இன்னா வேலன்னு சொன்னாரா?"

"ஸ்டாண்ட்பைன்னார் மேடம்."

என் பக்கம் திரும்பினார். உள்ளே ஆடிக்கொண்டிருந்த எங்கள் ஆட்கள் இரண்டு பேர் என்னைத் தாங்கிப் பிடித்துக் கோட்டுக்கு வெளியே கொண்டுவந்திருந்தார்கள்.

"பம்பு ஸ்டாண்ட்பையா, தொட்டி ஸ்டாண்ட்பையா? அத சொல்ல வாணாமா பிரகாஷ்?"

மேடம் நோட்டை வாங்கினார், பச்சைப் பேனாவை எடுத்தார். 'ஸ்டாண்ட்பை மாற்றம். உள்ளே: தேசிங்கு. வெளியே: பிரகாஷ்.' நேரம் போட்டார். "ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க."

"மேடம், இது கபடியா, கம்பெனியா?" என்று நடுவர் கேட்டார்.

"ஒரு நிமிஷம் சார். ஒரு கட்டம் காலியா இருக்குது."

கையெழுத்துப் போட்டதும் தேசிங்கண்ணன் ஆரஞ்சு வெஸ்ட்டைக் கழற்றி எனக்குப் போட்டுவிட்டார். விசிலை என் கழுத்தில் மாட்டினார். நோட்டைக் கையில் கொடுத்தார். பிறகு எந்தத் தயக்கமும் இல்லாமல் உள்ளே போய் என் மூலையில் நின்றார்.

அடுத்த எட்டு நிமிடத்தில் நான்கு பேரைப் பிடித்தார். நான்காவது, அந்தப் பாட்டுக்கார ரெய்டர். அவன் கணுக்காலைத் தரையோடு அழுத்தி வைத்துக்கொண்டு, மெதுவாக, அவனுக்கும் எனக்கும் மட்டும் கேட்கும்படி, "நல்லாக்கீறியா?" என்று கேட்டார்.

ஆனாலும் தோற்றோம். இரண்டு பாயிண்ட். கடைசி நேரத்தில் எங்கள் ரெய்டர்கள் இருவரும் வெளியே. மாற்றும் வாய்ப்பும் தீர்ந்திருந்தது. மூன்றாவது ரெய்டுக்குத் தேசிங்கண்ணன்தான் போக வேண்டும். நடுக்கோடு வரை போனார், நின்றார். முப்பது நொடியும் அங்கேயே நின்றார். நான் சொல்லிக் கொடுக்காமல் எனக்கென்று வைத்துக்கொண்ட பாதி அது. அதை நான் எனக்கென்று வைத்துக்கொண்டதால்தான் தோற்றோம், விசிலால் அல்ல. டிரெய்னிகள் இதைச் சரியாகக் குறித்துக்கொள்ளவும்.

ஆட்டம் நடக்கும்போதே அவர் நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்தேன். ஸ்கேல் வைத்துப் போட்ட கட்டங்கள். உள்ளே, வெளியே, குறிப்பு. அன்றைய ஆட்டம் மட்டும் இல்லை, முதல் நாள் பயிற்சியிலிருந்து இருந்தது. குறிப்புக் கட்டத்தில் எழுதியிருந்தார்: 'இடது கால் ஊனல.' அடுத்த நாள்: 'இடது கால்.' அதற்கடுத்த நாள்: 'எழும்போது கை ஊனுனார்.' பிறகு ஒரு நாள்: 'சிரிக்கிறார். வலி இருக்குது.' அன்றைய அரையிறுதியில் ஒவ்வொரு தரம் நான் வெளியே போனபோதும்: 'இடது கால். இடது கால். இடது கால்.' ஐந்து வருடமாகக் கூட ஆடுபவர்களுக்குத் தெரியாததை, ஆலை டாக்டருக்கும் மேடத்துக்கும் நான் காட்டாததை, கோட்டுக்கு வெளியே நின்ற ஒருவர் நேரம் போட்டு எழுதி வைத்திருந்தார்.

ஆட்டம் முடிந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏண்ணே எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல?" என்று கேட்டேன்.

"கேட்டுக்கினேதான சார் இருந்தேன். அஞ்சு நிமிஷத்துக்கு ஒரு தபா. நீங்கதான் கையத் தூக்கினீங்க."

திங்கட்கிழமை பொன்னேரியில் டாக்டரைப் பார்த்தேன். அவர் சொல்லிவிடுவார் என்று பயந்ததையே சொன்னார். நடக்கலாம், மாடி ஏறலாம், பம்ப் ஹவுஸில் ரீடிங் எடுக்கலாம், கபடி கூடாது. செவ்வாய்க்கிழமை அணியிலிருந்து விலகும் படிவத்தை மேடத்திடம் கொடுத்தேன். மேலிருந்து கீழே படித்தார், கீழிருந்து மேலே படித்தார். ஏதாவது ஆறுதல் சொல்வார் என்று நின்றுகொண்டிருந்தேன்.

"காரணம் கட்டம் காலியா இருக்குது."

வாங்கி, 'முழங்கால்' என்று எழுதினேன். பச்சை மையில் கையெழுத்துப் போட்டு, "போயி டீ குடி," என்றார்.

இப்போது இடது கார்னர் தேசிங்கண்ணன். வாரம் மூன்று நாள் நாலரை மணிக்கு நான் எதிர்ப்பக்கம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, அவரை நடுக்கோட்டுக்கு இந்தப் பக்கம் வரவைக்கப் பார்க்கிறேன். போன வாரம் மூன்றடி வந்தார். என்னை ஒரு தரம் பார்த்துவிட்டுத் திரும்பிப் போய்விட்டார். மூன்றடி என்பது முன்னேற்றம்தான் என்று விக்னேஷ் விதிப்புத்தகத்தைப் பார்த்துச் சொன்னான். ரெய்டர் கட்டாயம் தாண்ட வேண்டிய குறுக்குக்கோட்டைத் தொட இன்னும் ஒன்பதடி.

அவருக்கும் ஓர் ஆள் வேண்டும். இந்தத் தடவை தேடுவது நாங்கள் இருவரும். அவருடைய மச்சான் ஒருவர் குப்பத்து மணலில் ஆடுகிறாராம். காலும் பிடிப்பாராம், பாடியும் போவாராம். ரப்பர் விரிப்பை இதுவரை மிதித்ததில்லை. "அவனாண்ட நானே பேசிக்கிறேன் சார். நீங்க எதுவும் சொல்ல வாணாம்," என்றார். நியாயம்தான். வரும் ஞாயிற்றுக்கிழமை போகிறோம். மேடம் ஸ்பெக் கேட்கவில்லை, இறால் மட்டும் வாங்கி வரச் சொல்லியிருக்கிறார்.

நேற்று ஷிஃப்ட் முடிந்து வாசலில் நிற்கும்போது வழி சொல்லிக்கொண்டிருந்தார்.

"ஏழு மணி பஸ்ஸுல பழவேற்காடு. அங்கேருந்து படகு. எறங்கினா மணல்ல ஒரு ஒண்ணர கிலோமீட்டரு. நடப்பீங்களா சார்?"

"ஒரே மூச்சுல முடியாதுண்ணே. நடுவுல ரெண்டு எடத்துல உக்காரணும்."

அவர் என் காலைப் பார்க்கவில்லை. தலையை ஆட்டிக்கொண்டார்.

"அப்ப ஏழு மணி பஸ்ஸு வாணாம். ஆறு மணி பஸ்ஸப் புடிச்சிடலாம்."